காட்டுக்குளமா, கட்டுக்கரைக் குளமா?



கீரிக் கடற்கரைக்கு இப்பொழுதெல்லாம் வெளியூர்ப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். கடலில் குளித்து, பனைகளின் கீழ் இருந்து சோறுண்டு, வெயில் சாயும் நேரத்தில் ஊரவரிடம் ஒரு விசாரணையும் செய்கிறார்கள். கிட்டடியில் காட்டுக்குளம் ஏதும் உண்டா, ஆளரவம் இல்லாத இடமாக இருக்க வேண்டும், ஓரிரவு கூடாரம் அடித்துத் தங்கித் தூண்டில் போட வேண்டும் என்பார்கள். என்னிடம் படிக்கும் மாணவர்களும் இதையே வேறு விதமாகக் கேட்பார்கள்: "சேர், எங்கட பக்கத்தில அப்பிடி ஒரு இடமும் இல்லையே?"

கேட்பவர்களுக்கு நாம் காட்டுவது கட்டுக்கரைக் குளத்தைத்தான். 2010 இல் திறந்த புதிய பாலத்தால் தீவைவிட்டு வெளியேறி, தள்ளாடி, உயிலங்குளம் வழியே முருங்கன் பக்கமாக ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் போனால் குளம் வந்துவிடும். மாரி பெய்து முடிந்த தை மாதத்தில் பார்த்தால் எதிர்க்கரை கண்ணுக்கு எட்டாது. நீருக்குள் நிற்கும் பட்ட மரங்களில் நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். அப்பாலே காடு. மனிதன் கால் வைக்காத இடத்துக்கு வந்துவிட்டோம் என்று யாருக்கும் தோன்றும். அந்த எண்ணத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

முதலில் பெயரைக் கவனியுங்கள். ஆங்கிலேயர் இதை இராட்சதரின் குளம் என்ற பொருள்படத் தம் மொழியில் வழங்கினர். சிங்கள மக்கள் யோத வெவ என்பர். இத்தனை பெரிய கரையை மனிதர் கட்டியிருக்க முடியாது, பூதங்கள்தான் கட்டியிருக்க வேண்டும் என்ற வியப்பு இப்பெயர்களில் ஒலிக்கிறது. தமிழ்ப் பெயரில் பூதமும் இல்லை, வியப்பும் இல்லை. கட்டிய கரை, கட்டுக்கரை, அவ்வளவுதான். மண் சுமந்தவர்களின் பேச்சில் பிறந்த பெயர் போல எனக்கு அது படுகிறது.

இலங்கைத் தீவில் இயற்கையாக அமைந்த உள்நாட்டு ஏரிகளைத் தேடினால், வில்பத்துக் காட்டிலுள்ள வில்லுகள் எனப்படும் மழைநீர்த் தாழ்நிலங்களைத் தவிர, சொல்லத்தக்கவை வேறில்லை. படங்களில் நாம் கண்டு மயங்கும் பெருநீர்ப் பரப்புகள் எல்லாம் யாரோ மறித்துத் தேக்கியவை. ஆகவே காட்டுக்குளம் என்று இங்கே ஒருவர் சொன்னால், குளம் முந்தியதா, காடு முந்தியதா என்ற கேள்வி உடனே எழ வேண்டும். கட்டுக்கரையைப் பொறுத்தமட்டில், இன்று கரையைச் சூழ்ந்து நிற்கும் காட்டுக்கு மூத்தது குளம்.

எப்போது கட்டினார்கள்? சூளவம்சம் குறிப்பிடும் மானாமத்த வாவி இதுவே என்று கொள்ளும் ஆய்வாளர், 5ஆம் நூற்றாண்டுத் தாதுசேனனையும், 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவையும் இதனோடு தொடர்புபடுத்துவர். அரசர் பெயர்களை அவ்வளவில் விட்டுவிடுவோம். அருகே மாதோட்டத் துறைமுகம் இருந்தது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அங்கேதான் பாலாவியின் கரையில் இருக்கிறது. சோழர் காலத்தில் அத்துறைக்கு இராசராசபுரம் என்றொரு பெயரும் வழங்கியது. கப்பலில் வந்தவனும், பொதி சுமந்தவனும், கோயிலில் மணி அடித்தவனும் சோறு உண்ண வேண்டும் அல்லவா? அந்தச் சோற்றில் பெரும்பங்கு இந்தக் குளத்து நீரில் விளைந்திருக்கும் என்று நினைப்பதில் தவறில்லை. 2016, 2017 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் குளத்தையொட்டிய காட்டுப் பகுதியில் அகழாய்வு நடந்தபோது, சுடுமண் உருவங்களும் மட்பாண்டங்களும் வெளிப்பட்டன. காடு என்று கடந்து போன இடத்தில் ஓர் ஆதிக் குடியிருப்பு மண்ணுக்குள் இருந்தது.

குளத்துக்கு நீர் கொண்டுவருவது அருவி ஆறு. சிங்களத்தில் மல்வத்து ஓயா. பழைய நூல்களில் கதம்ப நதி. ரிட்டிகலை மலைப்பக்கத்தில் பிறந்து, அநுராதபுரத்தை அணைந்து, 164 கிலோமீற்றர் ஓடி, அரிப்புக்கு அண்மையில் கடலில் விழுகிறது. அதைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்து, கால்வாய் வழியே குளத்துக்குத் திருப்பினார்கள். ஊர்ப்பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது.

இந்த ஆற்றங்கரையில் கூடாரம் அடித்த ஒரு வெள்ளைக்காரரின் கதையை விரிவாகவே சொல்ல வேண்டும். றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி 1660 இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். அடைத்து வைக்கவில்லை, ஆனால் நாட்டைவிட்டுப் போகவும் விடவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் ஊரூராய்ச் சில்லறை வியாபாரம் செய்து, வழிகளை மனதில் குறித்துக்கொண்டே காலம் கழித்தார். 1679 இல், ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழரோடு வடக்கே புறப்பட்டார். இறைச்சி வற்றல் வாங்க வந்தோம் என்பது வழியில் சொன்ன சாக்கு. அநுராதபுரம் வரை அந்தச் சாக்கு செல்லுபடியானது. அதற்குப் பிறகு ஆறே வழிகாட்டி.

பகலில் ஆற்றோரமாக நடை, இரவில் மரத்தடி. அந்நாளில் கண்டிப் படைவீரர் தாளிப்பனை ஓலையைக் குடையாகவும் கூடாரமாகவும் கொண்டு திரிந்ததை நொக்ஸ் எழுதியிருக்கிறார். காட்டில் தங்குவோருக்கு இதைவிட இலேசான கூடாரத்தை இன்றைய கடைகளிலும் வாங்க முடியாது. யானைக்கு அஞ்சி நெருப்பு மூட்டினார்கள். முதலைக்கு அஞ்சி நீரைவிட்டு விலகிப் படுத்தார்கள். இவை எல்லாவற்றையும்விட மனிதக் குரலுக்கே கூடுதலாக அஞ்சினார்கள். 1679 ஒக்டோபர் 18 ஆம் திகதி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். அங்கிருந்து மன்னார்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டார்கள்.

1681 இல் இலண்டனில் வெளியான நொக்ஸின் நூல் பெரும் புகழ் பெற்றது. றொபின்சன் குருசோ கதைக்கு அதுவும் ஒரு தூண்டுகோல் என்பர். ஆனால் மன்னாரில் இருந்து அதைப் படிப்பவருக்கு வேறொரு பகுதிதான் மனதில் நிற்கும். மனிதரே இல்லாத அந்த ஆற்றங்கரையில், செதுக்கிய கற்றூண்கள் கணக்கின்றிக் கிடந்தன என்கிறார். கட்டடங்கள் இடிந்த கற்குவியல்களையும், மூன்று நான்கு இடங்களில் பாலங்களின் இடிபாடுகளையும் கண்டதாகச் சொல்கிறார். உயிருக்கு ஓடிய மனிதர் நின்று அளந்து பார்த்திருக்க மாட்டார். அவர் பாலம் என்று கண்டவற்றுள் தேக்கத்துப் பழைய அணையும் ஒன்றாக இருந்திருக்கலாமோ என்று எனக்கு ஒரு எண்ணம். அவர் நடந்து போன காட்டுக்கு அப்போது சில நூற்றாண்டு வயதுதான். அதற்கு முன் அது வயல்.

ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டில் குளத்தைத் திருத்த எண்ணினார்கள், நிறைவேறவில்லை. பின்வந்த ஆங்கிலேயருள் சிலர், இது மட்டம் பிழைத்துக் கட்டிய குளம், ஒருநாளும் பயன்பட்டதில்லை என்றுகூட எழுதினார்கள். இடிந்து கிடப்பதைப் பார்த்து, என்றைக்குமே உதவாதது என்று தீர்ப்பளிப்பது எளிது. நீர்ப்பாசனப் பொறியியலாளரான ஹென்றி பாக்கர் போன்றோர் அளவுக் கருவியோடு வந்து பார்த்தபோது பழையவர்களின் கணக்குத் துலங்கியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் குளம் திருத்தப்பட்டு, அதிலிருந்து நீர் பெறும் நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களின் கீழ் மீண்டும் நெல் விளைந்தது. மன்னாரின் நெற்களஞ்சியம் என்று பின்னாளில் சொல்லப்பட்டது இந்த நிலமே.

அக்காலத்துத் துரைமார் துப்பாக்கியும் தூண்டிலும் கொண்டு காட்டில் கூடாரம் அடித்துத் திரிந்ததைப் பற்றி நூல்கள் பல உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை சுட்ட மிருகங்களின் கணக்கு. எனக்குப் பிடித்தது ஜோன் ஸ்டில் 1930 இல் வெளியிட்ட நூல். தொல்லியல் பணியில் பழகியவர் அவர். காட்டைக் கடற்பெருக்குக்கு ஒப்பிட்டே நூலுக்குப் பெயரிட்டார். சிங்களத்தில் கெலே ஹந்த என்று மொழிபெயர்க்கப்பட்டுப் பலர் படித்தது. எங்கள் கரையில் உள்ளவர்களுக்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. வற்றும் பெருக்கும் தெரியாமல் கீரியில் யாரும் தோணி தள்ளுவதில்லை. காடும் அப்படித்தான் என்கிறார் ஸ்டில். ஊர்மேல் ஏறும், பிறகு ஒருகாலம் இறங்கும்.

அமெரிக்காவிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. காந்தியடிகளுக்குப் பிடித்தமான தோரோ, மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் வால்டன் என்ற குளக்கரையில் 1845 முதல் 1847 வரை குடிசை கட்டித் தனித்து வாழ்ந்தார். இயற்கையோடு தனித்திருத்தல் என்றதும் உலகம் அவரைத்தான் நினைக்கிறது. ஆனால் 1854 இல் வந்த அவரது நூலில், அந்தக் காட்டில் முன்பு குடியிருந்தவர்களுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. விடுதலை பெற்ற அடிமைகள், ஏழைத் தொழிலாளர் ஆகியோரின் வீடுகள் இருந்த குழிகளை அவர் தேடிப் பார்த்து எழுதினார். அவரைப் பின்பற்றிக் கூடாரம் அடிப்பவர்கள் இந்த அத்தியாயத்தை மட்டும் வாசிப்பதில்லைப் போலும்.

இனி மீன் விடயத்துக்கு வருவோம். கடற்கரையில் பிறந்தவர்களுக்குக் குளத்து மீன் என்றால் ஓர் இளக்காரம் உண்டு. சேற்று மணம் என்று முகம் சுளிப்பார்கள். வயற்காரருக்கோ விராலும் கெளிறும் விருந்து. குளம் வற்றும் ஆவணி, புரட்டாதியில் கரப்பும் வீச்சுவலையுமாக ஊரே இறங்கிப் பிடிப்பது பழைய வழக்கம். பனையேறிக் கெண்டை என்று ஒரு மீன். ஈரப் புல்லின்மேல் ஊர்ந்து ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கூடியது. 1791 இல் தரங்கம்பாடியில் டென்மார்க்குக் கம்பெனியைச் சேர்ந்த டால்டோர்ஃப் என்பவர், அது பனையில் ஏறியதைத் தாமே கண்டதாக எழுதி ஐரோப்பாவை வியக்க வைத்தார். பனை ஏறுவதைப் பிற்கால அறிஞர் நம்பவில்லை. நம்மவர் அதற்கு முன்பே பெயரை வைத்துவிட்டார்கள், யாரை நம்புவது என்று நேயர்களே தீர்மானியுங்கள்.

இன்று வலையில் கூடுதலாக விழுவது திலாப்பியா. ஆபிரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்கு உரிய மீன். 1952 இல் இலங்கைக் குளங்களில் விடப்பட்டது. நம் குளங்களில் நிலைநீரில் பெருகும் மீன் குறைவாக இருந்ததால் அது விரைவாகப் பரவி, குளத்து மீன்பிடியை ஒரு தொழிலாக்கியது. 1990 இல் அரசாங்கம் உள்நாட்டு மீன்பிடிக்கு வழங்கிய உதவியைச் சமயக் காரணம் பற்றி நிறுத்தி, 1994 இல் மீண்டும் தொடங்கியது. ஆகையால் கட்டுக்கரையில் தூண்டில் போடப் போகிறவர், அது சிலருடைய தொழில் நிலம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1954 முதல் அது சரணாலயமும்கூட. துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டே போக வேண்டும்.

மீன்பிடிக்கப் போய்த் தங்குவதற்கு எங்கள் கரையில் ஒரு சொல் உண்டு: வாடி. சோளகக் காலத்தில் தீவின் வடகரை அமைதியாக இருக்கும், தென்கரையில் அலை அடிக்கும். வாடை தொடங்கினால் நிலைமை மாறிவிடும். காற்றுக்கு ஏற்பக் கரை மாறி, கிடுகும் தடியும் பானையும் உப்பும் கொண்டு போய் வாடி அடிப்பார்கள். நீர்கொழும்பில் இருந்தும் வந்து அடிப்பார்கள். பருவம் முடிந்தால் கிடுகைச் சுருட்டுவார்கள். மன்னார்க் கடலில் முத்துக் குளித்த காலங்களில் இதுவே பெரும் நகரமாக எழும்பியது. 1906 இல் மறிச்சுக்கட்டியில் எழுந்த முத்துக்குளிப்பு முகாமில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடியிருந்தனர். அங்கே கடமை பார்த்த இளம் அதிகாரி லெனாட் வூல்வ் பின்னர் அதைப் பற்றித் தன் சுயசரிதையில் எழுதினார். சில வாரங்களில் ஊர் முழுதும் கலைந்து மணல் மட்டும் மிஞ்சியது.

வாடி தொழிலின் சொல். இன்பத்துக்காகக் காட்டில் தங்குவதற்குத் தமிழில் பழைய சொல் எது என்று மாணவர் கேட்டால் நான் தயங்குவேன். நமக்குப் பழகிய சொல் பாசறை. முல்லைப்பாட்டில் நப்பூதனார் காட்டும் பாசறை, காட்டாற்றங்கரையில் செடிகளை வெட்டித் திருத்தி, முள்ளால் வேலி அடைத்து அமைத்தது. படைக்காக அமைத்தது. பிற்காலத்தில் அரபு வழி வந்த முகாம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டோம். மன்னாரில் அந்தச் சொல்லைக் கேட்டு எவரும் சுற்றுலாவை நினைப்பதில்லை.

1990 இல் போர் மூண்டபோது மடுவிலும் பேசாலையிலும் அகதிகள் குவிந்தார்கள். பலர் வள்ளம் ஏறி இராமேசுவரம் போய் மண்டபம் முகாமில் இருந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள். எங்கள் அயலான தாராபுரமும், எருக்கலம்பிட்டியும் வெறுமையாயின. கடல்வழியே கற்பிட்டிக்குப் போய்ப் புத்தளத்துத் தென்னைகளின் கீழ் கிடுகுக் கொட்டில்களில் அவர்கள் ஒரு தலைமுறையைக் கழித்தார்கள். தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் இதைக் குரல் தாழ்த்தாமல் சொல்ல வேண்டியது என் கடமை. 2007, 2008 இல் கட்டுக்கரையைச் சூழ்ந்த வயலூர்கள் போர்க்களமாயின. மக்கள் வடக்கே நகர்ந்து நகர்ந்து, 2009 இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் வந்து முடிந்தார்கள். காட்டை வெட்டித் திருத்தி, வெள்ளைக் கூடாரங்கள் நட்டு, முட்கம்பி வேலி அடைத்த இடம். இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். குடிக்கவும் குளிக்கவும் நீர் அருவி ஆற்றிலிருந்து. நொக்ஸ் ஒளித்து நடந்த அதே ஆறு. 2012 செப்ரெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது.

திரும்பி வந்தவர்களின் வளவுகளில் பற்றையும் மரமும் எழுந்திருந்தன. இருபது ஆண்டு ஒரு மரத்துக்குப் போதுமான காலம். முசலிப் பகுதியில் இது பெரும் பிணக்காகவே ஆனது. 1990 இல் வெறுமையான மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்தில் 2012 இல் ஒதுக்குக் காடு அறிவிக்கப்பட்டது. 2017 இல் மாவில்லுக் காடும் அவ்வாறே அறிவிக்கப்பட்டது. மீளக் குடியேற வந்தவர்கள் இது எங்கள் ஊர் என்றார்கள். இது காடு, வில்பத்தின் அயல் என்றார்கள் மற்றவர்கள். விடயம் நீதிமன்றம் வரை போனது. அங்கே வெட்டப்பட்டதில் உண்மையான காடும் உண்டு, உண்மையான ஊரும் உண்டு. இரண்டில் ஒன்றைப் பொய் என்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் ஒரு நிலத்தைக் காடு என்று வரைபடத்தில் எழுதுமுன், எந்த ஆண்டிலிருந்து காடு என்று கேட்பது நியாயம்தான். கிணற்றுக் கட்டும், நட்ட தென்னையும், மையவாடியும் அதற்குப் பதில் சொல்லும்.

கட்டுக்கரைக்குப் போகும் பிள்ளைகளை நான் தடுப்பதில்லை. போகட்டும், மீன் பிடிக்கட்டும், நட்சத்திரம் பார்க்கட்டும். கரையிலிருந்து நேரே திரும்பிவிடாமல், ஆறு வற்றியிருக்கும் ஆவணி மாதமாக இருந்தால், தேக்கம் வரை ஒருநடை போய் வாருங்கள் என்றுதான் சொல்வேன். அங்கே செதுக்கிய கற்களாலான பழைய அணையின் பகுதிகள் மணலுக்கு மேலே தெரியும். தூண்டிலை அங்கேயும் போடலாம். கற்களுக்கு இடையிலுள்ள மடுக்களில் கெளிறு கிடக்கும்.